குவெட்டா மரப்பெட்டியோடு பினாங்குக்கு

“நாலெழுத்து படிச்சுட்டா, கடல் தாண்டிப் போயி பிள்ளைப்பேறு பாத்துடுவியாடி நீ?” என்று அத்தை கேட்டாள். நாகப்பட்டினத்தில் எங்கள் வாசலில், தெருவே கேட்கும் குரலில். நான் திரும்பி நின்று, “எனக்கு எல்லாம் தெரியும்” என்றேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். ஆசிரியைப் பயிற்சியும் முடித்தவள். அக்கா ஆரோக்கியம் பினாங்கில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவள் கணவர் சவரிமுத்து அத்தான் அங்கே துறைமுகத்தில் குமாஸ்தா. தலைச்சன் பிரசவம் தாய்வீட்டில்தான் ஆக வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அம்மா காலமாகிவிட்டாள். நிறைமாதக்காரியைக் கப்பலேற்றவும் முடியாது. ஆகவே தாய்வீடு அக்காவிடம் போகட்டும் என்று அப்பா முடிவு செய்தார். தாய்வீடு என்பது நானும் ஒரு மரப்பெட்டியும்.

பெட்டியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அப்பா பட்டாளத்தில் தச்சராக இருந்தவர். நான் பிறப்பதற்கு முன் குவெட்டாவுக்கு அப்பால், மழை எட்டிப் பார்க்காத மலைகளில் சில காலம் முகாம் போட்டிருந்தார்கள். அந்தக் கல்லிலும் பனியிலும் நிற்கும் ஒரே மரம் ஜூனிப்பர். அப்பாவுக்கு அந்தப் பெயர் தெரியாது. குவெட்டா மரம் என்பார். பெயரைப் புத்தகத்தில் பார்த்துச் சொன்னவள் நான். முகாமுக்காக ஒரு சரிவு முழுவதையும் வெட்டிச் சாய்த்ததையும், பச்சை மரத்தின் பிசின் வாளில் ஒட்டிக்கொண்டு அறுக்க விடாமல் பண்ணியதையும், துரை தோளில் தட்டி வயிரம் பாய்ந்த கட்டைகளை இனாமாகக் கொடுத்ததையும் அப்பா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அந்தக் கட்டைகளைச் சுமந்துகொண்டு ஊர் வந்து, இழைத்து, இந்தப் பெட்டியைச் செய்தார்.

அதில் நீளப் பலகை ஒன்றுகூடக் கிடையாது. அந்த மரம் நேராக வளராதாம். பிழிந்த வேட்டி போல முறுக்கிக்கொண்டு போகுமாம். அதனால் கையகலத் துண்டுகளைப் பொருத்திப் பொருத்தித்தான் செய்திருக்கிறார். ஓரம் சந்தன வெளுப்பு. நடுவயிரம் பீட்ரூட் வெட்டின மாதிரி சிவப்பு. தூக்கினால் கனமில்லை. மூடியைத் திறந்தால் புதிதாகச் சீவிய பென்சிலின் வாசனை, ஆனால் அதைவிடக் காரமாக. எங்கள் வீட்டில் கதவு, உத்தரம், பைபிள் என்று கறையான் தொடாதது எதுவும் இல்லை. இந்தப் பெட்டியை மட்டும் அது சுற்றிக்கொண்டு போய்விடும். அதற்குள் பிள்ளைத் துணிகளையும் தொட்டில் சேலையையும் வைத்து, “இது பிள்ளைக்கு” என்று அப்பா என்னிடம் கொடுத்தார்.

கப்பலில் காரைக்கால் கடைக்காரர் ஒருவரின் குடும்பத்தோடு, அறையில்லாத திறந்த தளத்தில் வந்தேன். கடைக்காரரின் மனைவி முதல் நாள் முழுக்க வாந்தி எடுத்தாள். இரண்டாம் நாள் என் பெட்டியின் மூடியில் மூக்கை வைத்துப் படுத்துக்கொண்டு, “இந்த வாசம் இல்லன்னா செத்துருப்பேன் பாப்பா” என்றாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பெட்டி வந்த கதையைச் சொன்னேன். பக்கத்தில் படுத்திருந்தவர்களும் கேட்டார்கள். மறுநாள் வேறு சிலர் வந்து கேட்டார்கள். நான் சொல்லச் சொல்லக் கதையில் மரங்கள் பெருகின.

பினாங்கு கண்ணுக்குத் தெரிந்த பிறகும் எங்களை இறங்க விடவில்லை. திறந்த தளத்தில் வந்தவர்கள் எல்லோரும் ஜெரெஜாக் தீவில் தங்கி, நோய் இல்லை என்று ஆன பிறகே ஊருக்குள் போகலாம். அறை எடுத்து வந்தவர்கள் நேராகப் போகலாம். படித்தவளுக்கு அந்தச் சட்டம் இருக்காது என்று நானே எண்ணிக்கொண்டு, கவுன் போட்ட அம்மாக்களின் பின்னால் போய் நின்று, அதிகாரியிடம் இங்கிலீஷில் பேசினேன். அவர் முழுவதும் கேட்டார். பிறகு கையிலிருந்த பிரம்பால் மற்ற வரிசையைக் காட்டினார். அங்கே போய்ச் சேர்ந்தபோது கடைக்காரர் மனைவி, “எங்க போயிட்டு வர்றே?” என்று வெள்ளையாகக் கேட்டாள். “கேட்டுட்டு வந்தேன்” என்றேன்.

தீவில் எங்கள் மூட்டைமுடிச்சுகளை ஆவிக் கொட்டகையில் வேகவைத்தார்கள். பட்டுச் சேலைகள் சுருங்கின. தோல் பைகள் கோணின. என் பெட்டி வெளியே வந்தபோது கொட்டகை முழுவதும் அந்த மரத்தின் வாசம். அங்கே வேலை பார்த்த மலாய்க்காரர் ஒருவர் கண்ணை மூடி இழுத்து மூச்சுவிட்டு ஏதோ சொன்னார். “மருந்துப் பெட்டியான்னு கேக்குறான்” என்றார் கடைக்காரர்.

ஊருக்குப் படகு வந்த அன்று அத்தான் தொப்பியோடு துறையில் நின்றிருந்தார். “எங்க ஞானம் வந்துட்டா! இனிமே கவலையில்லலா” என்று, இந்த ஊர் ‘லா’ போட்டு, பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாதவரிடம் சொன்னார். இரண்டு ரிக்‌ஷாக்கள் பிடித்தோம். என்னுடையதில் பெட்டியைக் காலடியில் வைத்தார்கள். சூலியா தெரு முனையில் ஒரு சக்கரம் சாக்கடை விளிம்பில் இறங்க, வண்டி முன்பக்கம் தலைகுப்புறச் சாய்ந்தது. நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு, ரிக்‌ஷா இழுத்த சீனரின் முதுகின்மேல் போய் விழுந்தேன். மனிதர் திட்டவில்லை, சிரித்தார். தெருவும் சிரித்தது. நாகப்பட்டினமாக இருந்தால் அதற்குள் நாலு பேர் என் தகப்பன் பெயரைக் கேட்டிருப்பார்கள். இங்கே யாரும் கேட்கவில்லை. அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

அக்கா குடியிருப்பது ஒரு கடைவீட்டின் மாடி. கீழே வீட்டுக்காரர் கான் சாயபுவும் அவர் மனைவி மக் சோமும். கான் சாயபு மாட்டு வியாபாரி. வடக்கே எங்கிருந்தோ முப்பது வருஷத்துக்கு முன் வந்த பட்டாணியர். மக் சோம் இந்த ஊர் மலாய்ப் பெண், பிரசவம் பார்ப்பவள். அக்காவின் வயிற்றைத் தடவி, பிள்ளை எந்தப் பக்கம் தலை வைத்திருக்கிறது என்று தினமும் சொல்லிவிட்டுப் போவாள். மாடித் தளம் வெறும் பலகைதான். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் விரல் நுழையும். அவர்கள் வீட்டு மசாலா எங்களுக்கும், எங்கள் பேச்சு அவர்களுக்கும் தடையில்லாமல் போய் வரும்.

வந்த அன்று மக் சோம் ஒரு பெரிய கிண்ணத்தில் லக்சா கொடுத்தனுப்பினாள். இடியாப்பத்தை மீன் குழம்பில் முக்கி, மேலே அன்னாசியும் புதினாவும் போட்டது மாதிரி இருந்தது. ஒரு கரண்டி கறுப்பு இறால் விழுது வேறு. அதன் நாற்றத்துக்கு நான் முகத்தைத் திருப்பினேன். அக்கா என் பங்கையும் தின்றுவிட்டு, “நாளைக்கு நீயே கேட்டு வாங்கித் தின்பே பாரு” என்றாள். அப்படியே ஆயிற்று.

மறுநாள் பெட்டி திறக்கவில்லை. இங்கே மழை வந்து நின்று, நின்று வந்துகொண்டே இருக்கும்; சுவரைத் தொட்டால் கை ஈரமாகும். மழையறியாத மலையில் வளர்ந்த மரம் இந்த ஈரத்தைக் குடித்து உப்பி, மூடியை இறுக்கிக்கொண்டது. அத்தான் இழுத்தார், நான் இழுத்தேன். கடைசியில் கான் சாயபுவைக் கூப்பிட்டோம். எருமையை அடக்குகிற கைகள். மூடி ஒரு முனகலோடு திறந்தது. வாசனை மேலே வந்தது.

அவர் அப்படியே மண்டியிட்ட நிலையில் இருந்தார். “இது... எங்கே இருந்து?” என்று உடைந்த தமிழில் கேட்டார்.

“குவெட்டா பக்கம்” என்றேன்.

அவர் முகத்தில் வந்த மாற்றத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை. அந்த மரத்துக்குத் தன் மொழியில் ஒரு பெயர் சொன்னார். என் நாக்கில் நிற்கவில்லை. மூடியின் உள்பக்கத்தைக் கட்டைவிரலால் மெதுவாகத் தேய்த்து முகர்ந்துவிட்டு, அத்தானிடம் மலாயில் நிறையப் பேசினார். “அவரு ஊரும் அந்தப் பக்கம்தானாம். முப்பது வருஷமா இந்த வாசம் மூக்குல படலையாம்” என்றார் அத்தான். ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு அவரையும் அழைத்துவிட்டார்.

விருந்து எனக்காகத்தான். அத்தானோடு வேலை செய்யும் பெருமாளும் அவர் மனைவியும், இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள். கான் சாயபு வெள்ளைத் தலைப்பாகை கட்டி, ஒரு பொட்டலம் உலர்ந்த பாதாமிப் பழத்தோடு, அவர் ஊர்ப் பக்கத்து ஆப்ரிகாட், மாடி ஏறினார். மக் சோம் கீழேயே இருந்துகொண்டாள். வாடகைக்கு விட்ட நாளிலிருந்து மாடியில் அவர் உட்கார்ந்து சாப்பிட்டது அன்றுதான் என்று அக்கா பின்னால் சொன்னாள்.

பெருமாள் மனைவி கழுத்து நிறையப் போட்டிருந்தாள். பெட்டியைக் காலால் காட்டி, “இதையா கடல் தாண்டித் தூக்கிட்டு வந்தீங்க? இங்க சீனர் கடையில கற்பூரமரப் பெட்டி இருக்குலா. மூடி பூரா டிராகன் செதுக்கி, பளபளன்னு! பூச்சி கிட்டவே வராது. எங்க வீட்டுல மூணு கெடக்கு” என்றாள்.

“கற்பூரமரம் காட்டில் மளமளவென்று வளர்வது. இது அப்படியில்லை. ஒரு மனிதன் பிறந்து சாவதற்குள் விரற்கடை பருமன்தான் ஏறும். ஆயிரம் வருஷத்து வயிரம் இது” என்று நான் மேடையில் பேசுவது போல ஆரம்பித்தேன். முகாமைச் சொன்னேன். சரிவைச் சொன்னேன். வாளில் ஒட்டிய பிசினைச் சொன்னேன். அத்தான் ஒவ்வொன்றையும் கான் சாயபுவுக்கு மலாயில் சொல்லிக்கொண்டு வந்தார்; அவருக்கே உற்சாகம் தாங்கவில்லை.

கான் சாயபு பாதாமி ஒன்றை விரலிடையில் பிடித்தபடி முன்னால் சாய்ந்து, “எந்த மலை?” என்று தமிழிலேயே கேட்டார்.

அப்பா மலையின் பெயரைச் சொன்னதே இல்லை. நானும் கேட்டதில்லை. பெருமாள் மனைவி வாயோரத்தில் சிரிப்போடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளியில் தொங்கும் தேசப்படம் என் கண்ணில் வந்தது. குவெட்டா என்ற புள்ளி. அதன் பக்கத்தில் பொடி எழுத்தில் இன்னொரு பெயர்.

“ஜியாரத்” என்றேன். அது போதவில்லை போல, “ஜியாரத்துக்கு மேலே உள்ள சரிவு. ஒரு மரம்கூட மிச்சம் விடவில்லை என்பார் அப்பா” என்றும் சேர்த்தேன்.

அத்தான் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. கான் சாயபு பழத்தைத் தட்டில் திரும்ப வைத்தார். கொஞ்சம் காற்று வேண்டும் என்று சொல்லிப் படியிறங்கிப் போனார். திரும்பி வரவில்லை. “வயசாச்சுல்ல, நம்ம மிளகாய் ஒத்துக்கலை” என்றார் பெருமாள். எல்லோரும் சிரித்தோம். பெருமாள் மனைவி போகும்போது என் கையைப் பிடித்து, “இவ்வளவு விஷயம் தெரிஞ்ச பொண்ணை நான் பார்த்ததே இல்ல தங்கச்சி” என்றாள். அன்று நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை கீழே கான் சாயபுவும் மக் சோமும் மலாயில் பேசிக்கொண்டது பலகை இடுக்கில் வந்தது. முதலில் மக் சோமின் குரல் உயர்ந்தது. பிறகு அவருடையது, தாழ்ந்தே. அக்கா கையில் இருந்த முருங்கைக்கீரையை வைத்துவிட்டுக் குனிந்து கேட்டாள். நான் அவளை உலுக்கி உலுக்கிக் கேட்டேன். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

“ஜியாரத்துதான் அவரு ஊராம்... அவங்க அம்மாவை அந்தச் சரிவுலதான் அடக்கம் பண்ணினாங்களாம்... கல்லு எதுவும் வைக்கலையாம். தலைமாட்டுல பெரிய மரம் நின்னுச்சாம், அதுவே அடையாளம்னு விட்டுட்டாராம்... அவங்க பக்கத்துல பச்சை மரத்துல கோடாலி வைக்க மாட்டாங்களாம், பட்டு விழுந்ததைத்தான் எடுப்பாங்களாம்...” அக்கா நிமிர்ந்தாள். “இனி ஊருக்குப் போனாலும் அம்மா எங்க இருக்கான்னு யாரைக் கேக்கன்னு அழுவுறாரு ஞானம்.”

அப்போதே இறங்கிப் போய்ச் சொல்லியிருக்கலாம். நான் கீரையை ஆய ஆரம்பித்தேன்.

மக் சோம் வழக்கம்போல வந்து அக்காவின் வயிற்றைத் தடவினாள். எப்போதும் ஏதாவது முனகிப் பாடிக்கொண்டே தடவுவாள். அன்று வாய் திறக்கவில்லை. பெட்டி இருந்த பக்கம் பார்க்காமலே போனாள். சாயங்காலம் கான் சாயபு அத்தானைப் படியடியில் நிறுத்திப் பேசினார். அத்தான் மேலே வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

“வேற வீடு பாத்துக்கச் சொல்றாரு.”

“பெட்டிய வேணா எடுத்துப் போட்டுடலாமே!” என்றாள் அக்கா.

“அதையும் சொன்னேன். பெட்டி இல்ல தம்பி, உங்க மேல கோவமும் இல்ல. ஆனா என் அம்மா தலைமாட்டை வெட்டினவங்க வீட்டுக் காலடிச் சத்தம் என் தலைக்கு மேல கேக்குதுன்னு சொல்றாரு. நான் என்னத்தச் சொல்ல?”

அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பிள்ளை இறங்கிவிட்டது, இன்றோ நாளையோ என்று மக் சோம் சொல்லிப் போயிருந்தாள். வீட்டை விட்டால் மக் சோமும் இல்லை. இந்த ஊரில் அக்காவுக்குத் தெரிந்த ஒரே பிரசவக் கை அதுதான். அக்கா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. “நீ வந்ததே எனக்குத் தெம்பு” என்று வேறு சொன்னாள்.

மறுநாள் நானும் அத்தானும் ஜெலுத்தோங்குக்கு வீடு தேடிப் போனோம். மின்கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடும் பஸ். தண்டவாளமும் கிடையாது, புகையும் கிடையாது. முதல் வீடு ஒரு பட்டறைக்குப் பின்னால். இரும்படிக்கிற சத்தத்தில் நாங்கள் பேசியது எங்களுக்கே கேட்கவில்லை. இரண்டாவது வீட்டுக்கு ஏணி வைத்து ஏற வேண்டும். மூன்றாவது கடலோரம், தளத்துக்கு அடியில் அலை வந்து போனது. அந்த வீட்டுக்காரி அக்காவின் நிலைமையைக் கேட்டுவிட்டு, “பிள்ளை பிறக்குற வீட்டை இப்ப மாத்தலாமா? யாரு பண்ற வேலை இது?” என்றாள். நான் கடலைப் பார்த்தேன்.

திரும்பும்போது பாதி வழியில் பஸ் பிடித்திருந்த மின்கம்பி நழுவியது. வண்டி வெயிலில் அப்படியே நின்றது. கண்டக்டர் மூங்கிலை எடுத்துக்கொண்டு இறங்கி, தூண்டில் போடுகிறவர் மாதிரி அண்ணாந்து கம்பியைத் துழாவினார். இரண்டு சைக்கிள்காரர்கள் நின்று யோசனை சொன்னார்கள்.

அத்தான் தொப்பியால் விசிறிக்கொண்டு, “நீ மனசைப் போட்டுக் குழப்பிக்காத ஞானம். நீ உள்ளதைச் சொன்ன. உள்ளதைச் சொன்னதுக்கு யாரு என்ன பண்ண முடியும்?” என்றார்.

“உள்ளது இல்ல அத்தான்.”

“எது?”

“மலைக்குப் பேரு எனக்குத் தெரியாது. அப்பா சொன்னதில்ல. மேப்புல பார்த்த பேரைச் சொன்னேன்.”

அவர் விசிறுவதை நிறுத்தினார். “தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமே.”

“பெருமாள் பொண்டாட்டி பார்த்துக்கிட்டு இருந்தா.”

அவர் சிரித்தார், ஆனால் அது சிரிப்பாக முடியவில்லை. கம்பி மாட்டி வண்டி கிளம்பியது. என்னைப் பற்றி எத்தனை பேரிடம் என்னென்ன சொல்லி வைத்திருந்தாரோ, அதையெல்லாம் எண்ணிக்கொண்டு வந்திருப்பார்.

வீட்டில் அக்காவிடமும் சொன்னேன். பொய் என்பதற்கு மலாயில் என்ன என்று கேட்டேன். “போஹோங்” என்றாள். “எதுக்கு?” என்றாள். பிறகு அவளுக்கே புரிந்தது.

என் வெட்கத்தை என் வாயால் சொல்வதற்கும் எனக்கு ஆள் தேவைப்பட்டது என்பதுதான் அன்றைய கேவலம். கான் சாயபு வாசலில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மக் சோம் உள்ளே வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள். நான் தமிழில் சொல்ல, அத்தான் மலாயில் சொன்னார். அவர் நல்லவர், நான் சொன்னதைவிட நீளமாக, இதமாகச் சொல்கிறார் என்று தெரிந்தது. சின்னப் பெண், பெயர் மாறிவிட்டது, தவறிவிட்டது என்கிற தோரணை. கான் சாயபு தலையாட்டிக்கொண்டே இருந்தார், நம்பவில்லை. வீடு வேண்டி வந்து குழைகிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்.

நான் அத்தானைத் தள்ளிவிட்டு முன்னால் போய், என் நெஞ்சில் கை வைத்து, “ஜியாரத், போஹோங்” என்றேன். “நான் போஹோங்.”

உள்ளே வெற்றிலை இடிப்பது நின்றது.

கான் சாயபு இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு ஏதோ ஓதினார். கைகளை எடுத்தபோது கண் நனைந்திருந்தது; ஆனால் முகம் தெளிந்திருந்தது. அம்மா இருந்த இடத்திலேயே இருக்கிறாள். எனக்கும் அந்தக் கணம் பாரம் இறங்கியது போல இருந்தது. அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அவர் முடிக்கவில்லை. மெதுவாகக் கேட்டார், அத்தான் இப்போது கூட்டாமல் குறைக்காமல் சொன்னார்.

“அப்போ அது எந்த மலை?”

“தெரியாது.”

“யாருடைய மலை?”

“தெரியாது.”

“மரம் பட்டுக் கிடந்ததா, பச்சையா?”

பிசின் வாளில் ஒட்டியதை நானே அவர் முன்னால் விஸ்தாரமாகச் சொல்லியிருந்தேன். “பச்சை” என்றேன்.

அவர் தலையசைத்தார். “அப்போ வேற ஒருத்தனுடைய அம்மா” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் சாவு விழுந்ததைக் கேட்டவர் சொல்வது போலச் சொன்னார்.

வீடு காலி செய்ய வேண்டாம் என்றும், மக் சோம் மேலே வருவாள் என்றும் அத்தானிடம் சொன்னார். என்னிடம் வேறெதுவும் சொல்லவில்லை. நான் மாடியேறி வந்து பெட்டியின் மேல் உட்காரப் போய், உட்கார மனமில்லாமல் தரையில் உட்கார்ந்தேன். நான் சொன்னது பொய் என்று ஆனபோது, அப்பா செய்தது உண்மையாக நின்றது. என் வெட்கம் ஒரு பெயரோடு தீர்ந்துவிடும் என்று எண்ணியிருந்தேன். பெயரை எடுத்துவிட்ட பிறகும் சரிவு அப்படியே மொட்டையாகத்தான் கிடந்தது. எந்த ஊர்ப் பிள்ளை அங்கே போய் எந்த மரத்தைத் தேடுகிறானோ!

பிள்ளை அந்த வாரமே பிறந்தது, பெண். எல்லாம் தெரியும் என்று வந்த நான் வெந்நீர் வைத்தேன், மக் சோம் கை காட்டிய இடத்தில் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டேன், வேறொன்றும் செய்யவில்லை. மக் சோம் பாடிக்கொண்டே பிள்ளையைக் கழுவினாள். துணி எடுக்கப் பெட்டியைத் திறக்க வேண்டியிருந்தது. ஈரத்தில் மூடி மறுபடியும் இறுகியிருந்தது. இந்த முறை யாரையும் கூப்பிடாமல் கரண்டிக் காம்பால் நெம்பித் திறந்தேன். துணியில் ஒரு பூச்சியரிப்பு இல்லை, ஒரு பூசணம் இல்லை. இந்த ஊர் மழையில் சுவரே பாசி பிடிக்கிறது. அந்த மரம் உள்ளே வைத்ததைக் காத்திருக்கிறது. அதன் நல்ல குணம் எனக்குச் சந்தோஷம் தரவில்லை. வாசனை கீழே போகுமே என்று அவசரமாக மூடினேன்.

கான் சாயபு பிள்ளையைப் பார்க்க வந்தார். நெற்றியில் விரல் வைத்து வாழ்த்தினார். தொட்டில் சேலையின் வாசம் அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. பெட்டியை அவர் தொடவில்லை, ஒதுக்கவும் இல்லை. போகும்போது படியில் நின்று, “உன் அப்பா இருக்காரா?” என்று தமிழில் கேட்டார். இருக்கிறார் என்றேன். “நல்லது” என்று இறங்கிப் போனார்.

அதன் பிறகு சில நாள் ஊரைச் சுற்றினேன். கடற்கரையில் சீவிய ஐஸில் சிவப்புப் பாகு ஊற்றித் தின்றேன். கோயில்களும் பள்ளிவாசலும் மாதாகோயிலும் ஒரே தெருவில் நெருக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். பெருமாள் வீட்டுக்கும் போய், பெருமாள் மனைவியிடம் மலையின் பெயர் எனக்குத் தெரியாது என்று சொன்னேன். “அதுக்கென்ன தங்கச்சி, எனக்கும் தெரியாதே” என்றாள். அவளுக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. கற்பூரமரப் பெட்டிகளைக் காட்டினாள். நிஜமாகவே அழகாகத்தான் இருந்தன.

அப்பாவுக்கு எழுத உட்கார்ந்தபோது கை ஓடவில்லை. அவருக்கு வாசிக்கத் தெரியாது. தபால்காரர்தான் வாசலில் நின்று உரக்க வாசித்துக் காட்டுவார். அப்பாவின் வாழ்க்கையில் நாலு பேர் உட்கார்ந்து கேட்கும்படி சொல்ல அவரிடம் இருந்தது அந்த மலைக் கதை ஒன்றுதான். நான் கேட்கப்போகும் கேள்வி அந்தக் கதையையே அவரிடமிருந்து பிடுங்கிவிடும். கேட்காமலிருந்தால், நான் அதைச் சொல்லிக்கொண்டு திரிவேன்; எனக்குப் பின் இந்தப் பிள்ளை சொல்லும்.

பேத்தி பிறந்ததை முதல் வரியில் எழுதினேன். பிறகு கேட்டேன்: அப்பா, அந்த மலைக்குப் பெயர் என்ன? அங்கே யார் குடியிருந்தார்கள்? வெட்டும்போது யாராவது வந்து வேண்டாம் என்றார்களா? அவர்களுக்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்?

அத்தான் உறையை வாங்கி, ஒட்டட்டுமா என்று கேட்டார். நானே ஒட்டினேன். நாகப்பட்டினத்துக் கப்பல் நேற்று முன்தினம் புறப்பட்டுவிட்டது. கடிதம் அதில் போய்க்கொண்டிருக்கிறது.